எஃப்டி-817க்கு எந்த ஃபில்டர்: 500 ஹெர்ட்ஸா, 2.3 கிலோஹெர்ட்ஸா?

திருநகர்:
வணக்கம். பழைய எஃப்டி-817 ஹாம் ரேடியோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கூடுதல் ஃபில்டர் மாட்ட உள்ளே ஓர் இடம்தான். மோர்ஸுக்கான 500 ஹெர்ட்ஸ் அகலமா, பேச்சுக்கான 2.3 கிலோஹெர்ட்ஸ் அகலமா? சாயங்காலம் 40 மீட்டர் அலைவரிசையில் ஒரே இரைச்சல், சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் 7ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. மோர்ஸ் கேட்கப்போனால் மூன்று பேர் சேர்ந்து தட்டுகிறார்கள். விலையைப் பார்த்தால் ஒரு தடவைதான் வாங்க முடியும்.

மேலூர்:
தம்பி, வியாதி இரண்டு, மருந்து ஒன்று கேட்கிறீர்கள். மூன்று பேர் தட்டுவதற்குத்தான் ஃபில்டர். இரைச்சலுக்கு முதலில் ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை இறக்கிப் பாருங்கள்.

திருநகர்:
7 இருந்தது 3க்கு வந்துவிட்டது ஐயா! மாடிப்படி எல்இடி பல்பும் ஒரு செல்போன் சார்ஜரும்தான் ஆள். (பாதி மாவில் நின்ற கிரைண்டருக்கு அம்மாவிடம் பதில் சொல்லி முடியவில்லை.)

மேலூர்:
பல்பை மாற்றுங்கள். சார்ஜர் ஒயரை, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். அப்புறம் ஃபில்டர். 817இல் டிஎஸ்பி (சிக்னலை டிஜிட்டலாக வடிகட்டும் வசதி) கிடையாது. மோர்ஸையும் பேச்சுக்குரிய அகலத்தில், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது 500 ஆனால் மிச்ச இரைச்சலும் 6 டெசிபெல் போல இறங்கும். 2.3 வாங்கினால் அகலம் ஏறக்குறைய இப்போது இருப்பதுதான், ஓரம் மட்டும் செங்குத்தாக வெட்டும். நானாக இருந்தால் 500.

ஒத்தக்கடை:
ஹெட்போனுக்கு முன்னால் ஒரு ஆடியோ ஃபில்டர் போதாதா அண்ணே? ஆப்-ஆம்ப் சிப் வைத்து நானே கட்டித் தருகிறேன்.

மேலூர்:
காதுக்கு இதம்தான். ஆனால் ஏஜிசி (சிக்னல் பலத்துக்கு ஏற்ப ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று) அதற்கு முன்பே வேலையைக் காட்டிவிடும். பக்கத்தில் பலமாக ஒருவர் தட்டினால் நமக்கு வேண்டியவர் சத்தமும் அமுங்கிப்போகும், அமுக்கியவரோ காதில் விழவே மாட்டார். 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃபில் (ரேடியோவுக்குள் சிக்னல் மாற்றப்படும் இடைநிலை அதிர்வெண்) உட்காரும் ஃபில்டர் அவரை ஏஜிசியிடம் போகவே விடாது.

திருநகர்:
கணினி வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்டி8 முறைக்கும் 500 உதவுமா?

மேலூர்:
வேண்டாம். 7.074 மெகாஹெர்ட்ஸில் எல்லாரும் சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் பரவி நிற்பார்கள். 500இல் பார்த்தால் தெரு முழுக்க ஆள் இருந்தும் ஒரு வாசல்தான் தெரியும். இன்னொன்று, மாட்டியதும் மெனுவில் கூடுதல் ஃபில்டர் சிடபிள்யூ (அதாவது மோர்ஸ்) என்று வைக்க மறக்காதீர்கள்.

திருநகர்:
சரி ஐயா, 500க்குச் சொல்லிவிட்டேன். எங்கள் பல்பை மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டுப் பல்புக்கு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் யோசிக்கிறேன்.