மாற்றாந்தாய் மக்களை எப்படிக் குறிப்பது?

நொய்யல்கரை:
காங்கேயம் பக்கத்து உறவினர்களிடம் கேட்டு எங்கள் வம்சாவளியை எழுதி வருகிறேன். அப்பாரு (அப்பாவின் அப்பா) மறுமணம் செய்துகொண்டவர். இரண்டு தாரத்துக்கும் பிள்ளைகள் உண்டு. ‘மாற்றாந்தாய் மகன்’ என்று எழுதினால், மாற்றான் என்பது பகைவனையல்லவா குறிக்கும் என்று பெரியவர் ஒருவர் தடுக்கிறார். இச்சொல்லின் பிறப்பு என்ன? வேறு சொல் உண்டா?

கூடுதுறை:
மாற்று + ஆம் + தாய் என்று பிரிப்பதே பொருந்தும். இரண்டு + ஆம் + தாரம் ‘இரண்டாந்தாரம்’ ஆவதைப் போலவே, தகரத்துக்கு முன் மகர ஈறு நகரமாகத் திரிந்திருக்கிறது. ‘மாற்றான்’ என்ற னகர ஈறாக இருந்தால் அங்கே ‘ந்’ தோன்ற வழியில்லை. தாயின் இடத்துக்கு மாற்றாக வந்தவள் என்பதே பொருள். ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள்தாம் அதில் கசப்பை ஏற்றிவிட்டார்கள்.

சென்னிமலை வாசகி:
எங்கள் ஊர்களில் பிறரிடம் சொல்லும்போது ‘மூத்தாள் மகன்’, ‘இளையாள் மகள்’ என்பார்கள். நேரில் அழைப்பது அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்றுதான். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளையும், தாயுடன் பிறந்த பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளையுமே உடன்பிறந்தாராக அழைக்கும் முறையில், ஒரே தந்தையின் பிள்ளைகளுக்குத் தனி விளிப்பெயர் தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன். கூட்டம் (குலப்பிரிவு) தந்தைவழியே வருவதால் இரு தாரத்து மக்களும் ஒரே கூட்டம், ஆண்மக்கள் பங்காளிகள். தயவுசெய்து ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பெரியப்பா, சித்தப்பா மகனுக்கு உரியது.

நொய்யல்கரை:
நன்றி. இளைய தாரத்து ஆத்தா தம் முதல் கணவருக்குப் பிறந்த மகனையும் அழைத்து வந்திருக்கிறார். அவரை எப்படிக் குறிப்பது?

கூடுதுறை:
அவர் தம் தந்தையின் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதால் பங்காளி ஆகமாட்டார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், ஒரே தந்தைக்கு வெவ்வேறு மனைவியரிடம் பிறந்தவர்களையும், ஒரே தாய்க்கு வெவ்வேறு கணவர்கள் மூலம் பிறந்தவர்களையும் தனித்தனியே வரையறுக்கிறது. இளையாள் மக்களுக்கு அவர் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன். மூத்தாள் மக்களோடு அவருக்கு இரத்த உறவே இல்லை. ஆகவே ஒற்றைச் சொல்லைத் தேடாமல், ‘இளைய தாரத்தின் முதல் மணத்து மகன்’ என்று எழுதி, அவர் தந்தையின் பெயரையும் கூட்டத்தையும் அருகில் குறித்துவிடுங்கள்.