28 வாரக் கர்ப்பத்தில் பிறந்த குழந்தை: இறப்புக் காரணம் "குறைமாதம்" போதுமா?

மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம். நேற்று வந்த கேஸ் ஷீட்: 28 வாரம், 960 கிராம், மூன்றாம் நாள் இறப்பு. காரணம் என்ற இடத்தில் "குறைமாதம்" என்று ஒரே சொல். அப்படியே குறியீடு போடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. வெறும் குறைமாதம் என்றால் ஐசிடி-10 (ICD-10, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல்)-இல் பி07 (P07). எதனால் இறந்தது என்பது அதில் தெரியாது. நர்சிங் குறிப்பைப் புரட்டுங்கள். முனகல், நெஞ்சு உள்வாங்கல் இருந்ததா? நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்து போட்டார்களா?

கேட்டவர்: ஒரு டோஸ் போட்டிருக்கிறார்கள் அக்கா. பென்சிலில் "ஆர்டிஎஸ்?" (RDS, பச்சிளங்குழந்தையின் மூச்சுத்திணறல் நோய்) என்று கேள்விக்குறியோடு இருக்கிறது.

பதில்: அந்தக் கேள்விக்குறியை டாக்டர்தான் எடுக்கணும். உறுதி செய்தால் பி22.0 (P22.0).

இன்னொருவர்: அம்மாவின் ஷீட்டையும் எடுங்க. 2016-இல் வந்த ஐசிடி-பிஎம் (ICD-PM, பிறப்பை ஒட்டிய இறப்புகளை ஐசிடி-10 கொண்டு வகைப்படுத்தும்) முறையில் தாயின் நிலையும் சேர வேண்டும். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்திருந்தால் எம்1 (M1), அதாவது நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி, பனிக்குடச் சிக்கல்களுக்கான தாய்நிலைப் பிரிவு.