புதுப்பிப்பு: நீர் தேங்கிய பாஸ்தா கேசரோல்

வார நாள் இரவுகளுக்காக நான் செய்யும் கோழி பாஸ்தா கேசரோலின் (பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் வேகவைக்கும் உணவு) அடியில் நீர் தேங்குவதாகவும் மேற்பகுதி காய்ந்துபோவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டு குறைகளும் இப்போது தீர்ந்துவிட்டன. காளானையும் கீரையையும் பச்சையாகச் சேர்த்ததால்தான் அவை ஓவனில் வேகும்போது நீர் விட்டிருக்கின்றன என்பது புரிந்ததால், இப்போது அவற்றை முதலில் வாணலியில் நீர் வற்றும்வரை வதக்கிக்கொள்கிறேன். பாஸ்தாவை உறையில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிட்டால், எஞ்சிய வேக்காட்டுக்கு அது சாஸையே உறிஞ்சிக்கொள்கிறது. 190 டிகிரி செல்சியஸில் அலுமினியத் தாளால் மூடி 25 நிமிடமும், பிறகு தாளை நீக்கிச் சீஸ் தூவி 10 நிமிடமும் வைக்கிறேன். கோழித் துண்டின் நடுவில் வெப்பமானி 74 டிகிரி காட்டினால் மட்டுமே வெளியே எடுக்கிறேன். முந்தைய இரவே அடுக்கி வைப்பவர்கள், குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தை அப்படியே சூடான ஓவனுக்குள் வைக்க வேண்டாம். அது வெடித்துவிடக்கூடும் (என்னுடையது தப்பியது அதிர்ஷ்டம்தான்).