ஆர் லியோனிஸ் இரண்டே இரவில் அரை மேக்னிட்யூடுக்கு மேல் ஏறுமா?

மொட்டைமாடி_தேனி:
வணக்கம். 10×50 பைனாகுலரில் ஆர் லியோனிஸைப் பார்த்து வருகிறேன். மகத்துக்கு மேற்கே சுமார் ஐந்து டிகிரி தள்ளி, 18 லியோனிஸ், 19 லியோனிஸ் இரண்டோடும் ஒட்டி நிற்குமே, அந்தச் சிவப்பு விண்மீன்தான். இப்போது பொலிவு ஏறுமுகம். திங்கள் இரவு 19-ஐ விட நன்றாகவே மங்கல், மேக்னிட்யூடு (பொலிவு எண், குறையக் குறையப் பொலிவு அதிகம்) 7.0 என்று குறித்தேன். புதன் இரவு பார்த்தால் 19-க்குச் சரிசமம், அதாவது 6.4. சுமார் 310 நாளுக்கு ஒருமுறை பொலிந்து மங்கும் சுழற்சி உள்ள ஒன்று இப்படித் தாவுமா? இரண்டு நாளும் வானம் சுத்தம், நிலாத் தொந்தரவும் இல்லை. இது சேர்ந்த மீரா வகையில், அதாவது மாதக்கணக்கில் பொலிந்து மங்கும் சிவப்பு அரக்க விண்மீன்களில், திடீர் மினுக்கம் உண்டு என்று எங்கோ படித்த நினைவு. புதன்கிழமைக் கணக்கை அனுப்பலாமா, விட்டுவிடலாமா?

பழைய_லென்ஸ்:
நீங்கள் படித்தது சரிதான் தம்பி. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகளை அலசி 1998-ல் ஒரு ஆய்வு வந்தது. 39 மீராக்களில் 51 திடீர் மாற்றங்கள், கால் மேக்னிட்யூடிலிருந்து ஒன்றுக்குச் சற்று மேல் வரை, இரண்டு மணி நேரம் முதல் ஆறு நாள் வரை. படித்தவுடன் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் 2004-ல் ஓஜிஎல்இ என்ற வானளவைத் திட்டத்தின் தரவில் 485 மீராக்களைச் சலித்துப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் சிக்கவில்லை. பிறகு கோரோ செயற்கைக்கோளின் தரவிலும் இல்லை. ஓஜிஎல்இ பார்த்தது அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில், அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நடப்பது அங்கே அமுங்கிப் போகலாம் என்று வாதாட இடம் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை.

கணக்கையும் பாருங்கள். ஆர் லியோனிஸ் பத்தாவது மேக்னிட்யூடை ஒட்டிய மங்கலிலிருந்து ஆறுக்குப் பக்கம் வர நான்கு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நாளுக்குச் சராசரியாக 0.03. உங்கள் புதன்கிழமை அதைப் போல பத்து மடங்கு வேகம். சூரியனைப் போல முந்நூறு மடங்கு ஆரம் உள்ள உடம்பு அது. அதன் ஊடே ஓடும் அதிர்வலை நொடிக்கு இருபது கிலோமீட்டர் போனாலும் கடந்து முடிக்க மாதக்கணக்காகும். முழு விண்மீனும் சேர்ந்து இரண்டு நாளில் பொங்காது. மேலடுக்கில் ஒரு பகுதி சற்றுச் சூடாகி அங்கிருந்த டைட்டானியம் ஆக்சைடு சிதைந்தால், அது விழுங்கிக்கொண்டிருந்த ஒளி வெளியே வரும். நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாததற்கு அது ஒன்றுதான் காரணம்.

சரி, இரண்டு இரவும் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தீர்கள்?

மொட்டைமாடி_தேனி:
திங்கள் இரவு எட்டரை, சிம்மம் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. புதன் தூக்கம் வராமல் அதிகாலை மூன்றுக்கு எழுந்து பார்த்தேன், மேற்கே சரிந்திருந்தது. அன்று நம்ப முடியாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் சார்.

பழைய_லென்ஸ்:
அங்கேதான் விஷயம். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குள் அதன் வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட மதிப்பீடுகளைத் திரட்டும் ஏஏவிஎஸ்ஓ (மாறும் விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கம்) காலங்காலமாகச் சொல்வது இதுதான்: சட்டென்று பார், கண்ணை எடு, மறுபடி பார். அதிலும் 19 வெள்ளை, ஆர் நல்ல சிவப்பு. இப்படிப்பட்ட ஜோடியை ஒப்பிடுவதுதான் கஷ்டம். கொஞ்சம் ஃபோகஸ் தளர்த்தி, இரண்டையும் சிறு வட்டங்களாக்கிப் பாருங்கள், நிறம் தணியும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஆர் லியோனிஸ் வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே வானில் ஓடும் கோடு) வடக்கே பதினொன்றரை டிகிரியில் இருக்கிறது, நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே கடக்கிறது. கிழக்கே பார்க்கும்போது 18-க்குக் கீழே நிற்கும் ஆர், மேற்கே திரும்பிப் பார்க்கும்போது அதற்கு மேலே போய்விடும். 19-க்கு வலப்புறம் இருந்தது இடப்புறம் வரும். பார்வையில் இருக்கும் இடம் மாறினாலே கண் சொல்லும் பொலிவு அரை மேக்னிட்யூடு வரை மாறலாம். தலையைச் சாய்த்து, இரண்டு கண்களையும் சேர்க்கும் கோடு அந்த இரு விண்மீன்களையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வலிக்கும், வேறு வழியில்லை. அடிவானப் புகையைக் குறை சொல்ல வேண்டாம். மூன்றும் அரை டிகிரிக்குள் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான் மங்கும்.

ஆனாலும் புதன்கிழமைக் கணக்கைத் திருத்தாமல் அனுப்புங்கள். நேரத்தைச் சரியாகப் போட்டு, "மேற்கே, நீண்ட நேரம் பார்த்தது" என்று குறிப்பும் எழுதுங்கள். பொலிவு வளைகோட்டில் அழகாக உட்கார வேண்டும் என்று 6.9 ஆக்கி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிடச் சும்மா இருக்கலாம். 1867-ல் சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலியைக் கண்டுபிடித்தாரே, அதுவும் மீரா வகைதான். பார்த்ததை அப்படியே எழுதி வைத்தவர்கள் வேலை அது.

கேமரா_கிறுக்கன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. டிஎஸ்எல்ஆர் இருந்தால் ட்ரைபாடில் வைத்து ரா ஃபைலாக எடுங்கள், ஜேபெக் வேண்டாம். லேசாக ஃபோகஸ் தளர்த்தி, விண்மீன் வெளுத்துப்போகாத எக்ஸ்போஷரில் பத்துப் படமாவது எடுங்கள். பச்சைச் சேனலை மட்டும் அளந்தால் போதும். இவ்வளவு சிவப்பான விண்மீனுக்கு அந்த எண் வானியலாளர்கள் பயன்படுத்தும் முறையான வி வடிகட்டி (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடுவது) தருவதோடு ஒத்துப்போகாது. பரவாயில்லை, அதே கேமராவில் இரண்டு நாளுக்கும் வித்தியாசம் வருகிறதா என்பதுதானே கேள்வி.

மொட்டைமாடி_தேனி:
நண்பரிடம் பழைய கேனன் இருக்கிறது, கேட்டு வாங்குகிறேன். இன்று எட்டரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என இரண்டு மதிப்பீடும் தலையைச் சாய்த்தே எடுக்கிறேன். ஒரே இரவில் இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் புதன்கிழமைக்கு விடை கிடைத்துவிடும்.

பழைய_லென்ஸ்:
எட்டரை மணிக் கணக்கை எழுதிய தாளை மூன்று மணிக்கு முன்னால் புரட்டிப் பார்க்காதீர்கள்.