ஒரே நேரத்தில் நாலு ஆயில் பெயிண்டிங் பாதியில் நிற்கிறது: தினசரி வேலையை எப்படி வகுப்பது?

கரித்துண்டு:

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் வரைய முடிகிறது. நாலு கேன்வாஸ் பாதியில் நிற்கிறது. எல்லாமே ஆயில், ரெண்டு கை ஜெஸ்ஸோ (துணியைத் தயார்ப்படுத்தும் வெள்ளைப் பூச்சு) பூசின பருத்தித் துணி, பெரியது 60 x 75 செ.மீ. வண்ணத்தில் கலக்கும் மீடியம் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), நீர்க்க வைக்க டர்பன்டைன். இன்றைக்கு எதைத் தொடுவது என்று யோசிப்பதிலும் பேலட்டில் பிழிந்து கலப்பதிலுமே முதல் அரை மணி போய்விடுகிறது.

தொல்லைகள் வேறு. ஒரு வாரம் விட்டுத் திரும்பினால் அடர்நிறப் பகுதிகள் வெளிறி மங்கிக் கிடக்கின்றன. அதே ட்யூப்களைக் கலந்து வைத்தாலும் பழைய நிறத்தோடு சேரவில்லை. ஒரு படத்தில் கனமாகப் பூசின ஐவரி பிளாக் மேலே சுருக்கம் விழுந்து, உள்ளே இன்னும் இளகலாக இருக்கிறது. மிச்ச வண்ணம் மறுநாள் தோல் கட்டிவிடுகிறது. ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டுமா, இல்லை நாலையும் ஓட்ட வழி இருக்கிறதா?

அம்பர்:

நாலையும் ஓட்டலாம். ஆனால் நாலும் ஒரே கட்டத்தில் இருக்கக் கூடாது. ஒன்று அடிப்பூச்சில், ஒன்று நடு அடுக்கில், ஒன்று முடிக்கும் தறுவாயில், ஒன்று சும்மா காய்ந்துகொண்டு. அப்படி இருந்தால் எதைத் தொடுவது என்ற கேள்வியே எழாது. எது காய்ந்திருக்கிறதோ அது ஈசலுக்கு (வரையும் தாங்கிக்கு) வரும்.

ஆயில் பெயிண்ட் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அந்த வேகத்தை நிறமியும் தீர்மானிக்கும். ரா அம்பர், பர்ன்ட் அம்பர் இரண்டிலும் மாங்கனீஸ் இருப்பதால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். கோபால்ட் நீலம், பிரஷ்யன் நீலமும் வேகம்தான். காட்மியம் வகைகள், அலிசரின் கிரிம்சன், ஐவரி பிளாக் எல்லாம் ஒரு வாரமும் எடுக்கும், அதற்கு மேலும் எடுக்கும். சாஃப்ளவர் (குசும்பா) எண்ணெயில் அரைத்த டைட்டானியம் வெள்ளையும் மந்தம். அதனால் அடியில் அம்பர், மேலே காட்மியம் என்று வைத்துக்கொண்டால் பாதிக் காத்திருப்பு மிச்சம்.

அடுக்குகளில் எண்ணெய் மேலே போகப் போகக் கூட வேண்டும், குறையக் கூடாது. முதல் அடுக்கு வண்ணமும் கொஞ்சம் டர்பன்டைனும் மட்டும். இரண்டாவது ட்யூபில் இருந்து வந்தபடி. மூன்றாவதில் எண்ணெய் 1 பங்கு, டர்பன்டைன் 2 பங்கு கலந்த மீடியம், அதுவும் வண்ணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். மாற்றிச் செய்தால், அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போதே மேல் அடுக்கு இறுகி வெடிக்கும். டர்பன்டைனையும் அள்ளி ஊற்றாதீர்கள். பிணைக்கும் எண்ணெய் சிதறிப்போய் நிறமி வெறும் தூளாகத்தான் நிற்கும். காய்ந்த அடிப்பூச்சை உலர்ந்த துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் நீர்த்தது அதிகம்.

சுருக்கம் விழுந்த கறுப்புக்கு மேலே எதைப் பூசினாலும் சரியாகாது. ஐவரி பிளாக் இயல்பிலேயே நிறைய எண்ணெய் குடிக்கும் நிறமி. அதில் மீடியமும் சேர்த்துக் கனமாக வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, ஆக்சிஜன் ஏறஏற விரிந்து, இடமில்லாமல் மடிகிறது. இளகலாக இருக்கும்போதே பேலட் கத்தியால் சுரண்டி, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மெல்லிசாகத் திரும்பப் பூசுங்கள். கனமான அடர்நிறம்தான் வேண்டுமென்றால் அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்த கறுப்பு, மீடியம் இல்லாமல்.

குறிப்பு எழுதும் பழக்கம் கட்டாயம் வேண்டும். சட்டத்தின் பின்கட்டையில் மாஸ்கிங் டேப் ஒட்டி தேதி, எத்தனையாவது அடுக்கு, என்ன மீடியம், மந்தமாகக் காயும் நிறம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். துணியின் முதுகில் மார்க்கரால் எழுதவே கூடாது, மை ஊறி முன்பக்கம் வரலாம். கடைசி வரியில் அடுத்த வேலை ஒன்றே ஒன்று: "இடது கன்னத்து நிழலைக் குளிர்ச்சியாக்கு", "பின்புற ஜன்னல் விளிம்பை மழுக்கு". பிரஷ்ஷைக் கீழே வைக்கும் நேரத்தில்தான் அது தெளிவாகத் தெரியும், மறுநாள் தெரியாது. "முகத்தைச் சரிசெய்" என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்று.

சாய்வுப்பலகை:

மங்கிப்போவதும் நிறம் சேராததும் ஒரே பிரச்சினை. ஜெஸ்ஸோவும் எண்ணெய் குறைந்த அடி அடுக்கும் மேல் அடுக்கின் எண்ணெயை உறிஞ்சிவிடுகின்றன. பளபளப்பு போனதும் அடர்நிறம் வெளிறித் தெரியும், அம்பர் வகைகளில் இது ரொம்ப அதிகம். நிறம் உண்மையில் மாறவில்லை. அந்த வெளிறிய தோற்றத்தைப் பார்த்துப் புது வண்ணம் கலந்தால் எப்படிச் சேரும்?

கலப்பதற்கு முன்னால் எண்ணெய் ஏற்றுங்கள். லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சரிபாதி, தேக்கரண்டி அளவு போதும். பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்திருக்க வேண்டும். நூல் உதிராத துணியால் மங்கிய இடத்திலும் அதைச் சுற்றியும் தேய்த்து, ரெண்டு நிமிஷம் விட்டு, வேறு துணியால் துடைத்து எடுங்கள். லேசான ஈர மினுமினுப்புக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது. எண்ணெய் முத்து முத்தாகத் திரண்டால் கூடிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வேலை செய்யப்போகும் பகுதிக்கு மட்டும் செய்யுங்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று படம் முழுக்கத் தடவி வைத்தால் அந்த எண்ணெய்ப் படலம் பின்னால் மஞ்சளிக்கும். அடுத்த கேன்வாஸில் முன்கூட்டியே தடுக்க, ஜெஸ்ஸோவின் மேல் நீர்த்த அக்ரிலிக் மேட் மீடியம் ஒரு கை பூசலாம், உறிஞ்சல் குறையும்.

நிறம் ஒப்பிட, படத்தின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைப் பிடித்து அதன் மேல் புதுக் கலவையை ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். பேலட்டில் சரியாகத் தெரிவது சுற்றியுள்ள நிறங்களுக்கு நடுவே தப்பாகத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் ஜெஸ்ஸோ பூசிய அட்டைத் துண்டு ஒன்று வைத்து, முக்கியமான கலவைகளை அதில் தீற்றிப் பக்கத்தில் பங்குகளை எழுதுங்கள்: "அல்ட்ராமரின் 2, பர்ன்ட் சியன்னா 1, வெள்ளை 4". ராத்திரி ஒரு விளக்கு, பகலில் ஜன்னல் என்று மாறி மாறி வரைந்தாலும் இதே குழப்பம் வரும். 5000 கெல்வின், நிறக்காட்டல் எண் (CRI, நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் உள்ள விளக்கு, அது பேலட் மேலும் கேன்வாஸ் மேலும் ஒரே மாதிரி விழவேண்டும்.

செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து வெளிச்ச இருட்டைச் சரிபார்ப்பவர்கள் உண்டு. கேமரா தானாக ஒளியைக் கூட்டிக் குறைக்கும். படத்துக்குள் ஒரு பகுதியை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் அது உதவும்.

நீலப்புள்ளி:

மிச்ச வண்ணம்: கண்ணாடித் துண்டில் வரிசையாக எடுத்து வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் ஆக்சிஜன் ஏறுவது மெதுவாகும், சில நாள் தாங்கும். கிராம்பு எண்ணெய் விடும் முறையும் இருக்கிறது. விட்டால் ஊசிமுனை அளவுதான். கூடினால் பூச்சு சீக்கிரம் இறுகாது, அடி அடுக்குகளில் வேண்டவே வேண்டாம். பேலட்டில் வண்ணம் வைக்கும் இடத்தையும் மாற்றாதீர்கள், தேடும் நேரம் மிச்சம்.

அரை மணி நேரச் செலவைக் குறைக்க, மறுநாள் தொடப்போகும் ஒரே பகுதிக்கு மட்டும் வெளிச்சத்திலிருந்து நிழல் வரை நாலைந்து படிகளை முந்தின நாளே கத்தியால் கலந்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். படம் முழுமைக்கும் கலக்க உட்கார்ந்தால் அன்றைய நேரம் அதற்கே சரி.

பிரஷ்: முடியைப் பிடித்திருக்கும் தகர மூடியில் இருந்து நுனியை நோக்கிப் பழைய காகிதத்தில் துடைத்து, டர்பன்டைனில் அலசி, சோப்பு நுரை வெள்ளையாகும் வரை கழுவுங்கள். மூடிக்குள் வண்ணம் தங்கினால் முடி விரிந்து கூர்மை போய்விடும். மறுநாளே தொடப்போகிறீர்கள் என்றால் கழுவாமல் சாஃப்ளவர் எண்ணெயில் தோய்த்துப் படுக்க வைக்கலாம், காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள். லின்சீட் வேண்டாம், அது இறுகிவிடும்.

முக்கியமானது: லின்சீட் ஊறிய துணிகளைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அவை சூடாகும், குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட உலோக டப்பாவில் போடுங்கள்.

கரித்துண்டு:

எண்ணெய் ஏற்றிப் பார்த்தேன், அடர்நிறம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. இன்னும் ரெண்டு சந்தேகம். சீக்கிரம் காய அல்கிட் மீடியம் சேர்க்கலாமா? காயும் படங்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கலாமா?

அம்பர்:

அல்கிட் சேர்த்த மெல்லிய பூச்சு ஒரு நாளில் காயும். அடி அடுக்குகளில் போடுங்கள், அல்லது எல்லா அடுக்கிலும் போடுங்கள். இன்னும் காயாத கனமான கறுப்பின் மேல் கொண்டுபோய்ப் பூசினால் மேலே சொன்ன வெடிப்புதான். வெள்ளை ட்யூபின் பின்னால் நிறமிக் குறியீட்டையும் ஒருமுறை பாருங்கள். பி.டபிள்யூ.4 என்றிருந்தால் அது துத்தநாக வெள்ளை. காலப்போக்கில் நொறுங்கலாகும், மேல் அடுக்கு உரிந்து வரவும் வாய்ப்புண்டு. டைட்டானியத்தோடு கலந்து விற்பதும் நிறைய, அடிப்பூச்சுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

சாய்வுப்பலகை:

சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பது பழைய முறை. பதினாறாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் டிஷியன் அப்படித்தான் மாதக்கணக்கில் திருப்பி வைத்துவிட்டு, பிறகு எடுத்து எதிரியைப் பார்ப்பதுபோல் குறை தேடுவார் என்று அவரிடம் இருந்த ஓவியர் இளைய பால்மா சொன்னதாக 1674இல் வெனிஸ் கலை எழுத்தாளர் போஸ்கினி எழுதியிருக்கிறார். கண்ணுக்கு நல்லது, எண்ணெய்க்கு அவ்வளவு நல்லதல்ல. லின்சீட் இருட்டில் மஞ்சளிக்கும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், பயப்பட வேண்டாம். வெளிச்சத்தில் முகம் தெரிய வைத்துவிட்டு, புதுக்கண் வேண்டும்போது கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி.

திருப்பித்தான் வைப்பதென்றால் மேல் விளிம்பு மட்டும் சுவரில் சாயட்டும், காற்று போக இடைவெளி வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்க்கும்போது சட்டத்தின் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள். ஒரு படத்தின் கட்டை மூலை அடுத்த துணியை அழுத்தினால் பள்ளம் விழும், அந்த இடத்தில் பின்னால் வெடிப்பு வரும். வார்னிஷுக்கு அவசரப்படாதீர்கள். மெல்லிய பூச்சுக்கு ஆறு மாதம், கனமானதற்கு ஒரு வருஷம் காத்திருப்பதே வழக்கம்.