ரொறன்ரோ நகரமையத்தில் புதிய உயரமாடிக் கொண்டோ: அம்மாவோடும் பிள்ளையோடும் குடிபோகலாமா?

எல்ஸ்மியர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எல்ஸ்மியர் வீதிக்கு அருகே ஒரு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு நகரமையத்தில் பே வீதியில் வேலை. மனைவி யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கிறார். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.டி. ரயில் தடம் புரண்டு, பிறகு ஒரேயடியாக மூடப்பட்டதிலிருந்து, கெனடி நிலையம் வரை பேருந்தில் போய், அங்கே நிலத்தடி ரயிலான சப்வேயைப் பிடிப்பதே எங்கள் வழக்கமாகிவிட்டது. மனைவி இரவு வேலை முடித்து வீடு வந்து சேர்வதற்குள் மகள் கிண்டர்கார்டன் வகுப்புக்குப் போய்விடுகிறாள்.

கிங் வீதியும் ஸ்பதைனாவும் சந்திக்கும் இடத்துக்கு அண்மையில், கடந்த ஆண்டு ஆட்கள் குடியேறத் தொடங்கிய ஒரு கொண்டோக் கட்டடத்தில் (வீடுகளைத் தனித்தனியே விலைக்கு வாங்கும் அடுக்குமாடி), இருபத்தாறாம் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முதலீட்டுக்காக வாங்கியவர் ஒருநாளும் அதில் குடியிருக்காமலே விற்கிறார். வாசலில் இறங்கினால் 504, 510 ஸ்ட்ரீட்கார்கள் (வீதியில் ஓடும் ட்ராம்) கிடைக்கும். சென் அன்ரூ நிலையம், ரோஜர்ஸ் சென்ரர் விளையாட்டரங்கு, திரைப்பட விழா நடக்கும் லைற்பொக்ஸ், ரோயல் அலெக்சாந்திரா அரங்கு எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. எங்கள் இருவருக்கும் வேலைக்குப் போகும் நேரம் வெகுவாகக் குறையும்.

எனக்கு இருக்கும் தயக்கம் எங்களைப் பற்றியதல்ல. அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி இருக்கிறது. மிளகாய் வறுத்துத் தூள் இடிப்பது முதல் குசினி வேலை முழுவதையும் அவர்தான் பார்க்கிறார். அந்த உயரத்தில், அத்தனை இரைச்சலுக்கு நடுவில், பகல் முழுவதும் அவரால் இருக்க முடியுமா? லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றில் வெளியே தெரியாத சங்கதிகள் என்னென்ன இருக்கின்றன? அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மேல்மாடி:

வணக்கம் எல்ஸ்மியர்வாசி. உங்கள் பகுதிக்கு மிக அருகிலேயே, இன்னும் சில மாடிகள் உயரத்தில், சில ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு பத்தரைக்கு நாடகம் முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டுக் கதவைத் திறப்பதும், யூனியன் நிலையத்துக்கு நடந்து போய் அங்கிருந்து இருபத்தைந்து நிமிடத்தில் பியர்சன் விமான நிலையத்தில் இறங்குவதும் ஒரு பெரிய சுகம்.

சத்தம் என்றதும் எல்லோரும் எத்தனையாவது மாடி என்று கேட்கிறார்கள். எந்தத் திசை பார்த்த வீடு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இங்குள்ள புதிய கட்டடங்கள் பெரும்பாலும் தளத்திலிருந்து தளம் வரை கண்ணாடியையே சுவராகக் கொண்டவை. ஆட்கள் பேசும் ஒலியும் கார் ஹோர்னும் உயரம் கூடக் கூடக் குறையும். ஆனால் பாட்டுக் கச்சேரியின் தாழ்ந்த முழக்கத்தைக் கண்ணாடியும் தடுப்பதில்லை, உயரமும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. தெற்கே பார்த்த வீடு என்றால் கோடையில் ரோஜர்ஸ் சென்ரரின் கூரை திறந்திருக்கும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். பேஸ்போல் பருவத்தில் மட்டும் அங்கே 81 ஆட்டங்கள் நடக்கின்றன. வடக்கே பார்த்தால் அடிலெய்ட், ரிச்மண்ட் வீதிகளின் மதுபான விடுதிகள். அதிகாலை இரண்டு மணிக்கு அவை பரிமாறுவதை நிறுத்தியதும் ஆட்கள் ஒரேயடியாக வீதிக்கு வருவார்கள், அந்த அரைமணி நேரம்தான் மிகவும் கடினமானது. முகவர் உங்களைச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில்தான் அழைத்துப் போவார். வெள்ளி இரவு ஒன்றில் நீங்களாகவே போய் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்.

லிஃப்ட் விடயத்தில் விளம்பரத்தை நம்பாமல் நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை வீடுகள், எத்தனை லிஃப்டுகள், அவற்றில் ஒன்று சாமான் ஏற்றுவதற்கு ஒதுக்கப்பட்டதா என்று கேளுங்கள். புதுக் கட்டடத்தில் முதல் இரண்டு ஆண்டுகளும் மாதக் கடைசியிலும் முதல் தேதியிலும் யாராவது குடிவந்துகொண்டே இருப்பார்கள். அந்த நாட்களில் ஒரு லிஃப்ட் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் இன்னொன்றும் நடக்கும். கட்டடத்துக்குள் இருக்கும் சூடான காற்று லிஃப்ட் குழாய் வழியே மேலே ஏறப் பார்ப்பதால், கீழ்த்தளங்களில் லிஃப்ட் கதவின் இடுக்கு விசிலடிப்பதைப் போல ஊளையிடும். சில வேளை கதவு முழுமையாக மூடாமல் திரும்பத் திரும்பத் திறக்கும்.

அம்மாவைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. தீ எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்டுகள் தாமாகவே கீழே இறங்கி நின்றுவிடும். புதுக் கட்டடங்களில், வேலை இன்னும் முடியாத தளங்களின் தூசியாலும் அந்த மணி அடிக்கடி அடிக்கும். இருபத்தாறு மாடிகளை அவரால் இறங்க முடியாது. ஆகவே குடிபோன முதல் வாரத்திலேயே நிர்வாக அலுவலகத்தில், உதவி தேவைப்படுவோர் பட்டியலில் அவருடைய பெயரைப் பதிவு செய்யுங்கள். தீயணைப்புப் படையினர் வந்ததும் அந்தப் பட்டியலைத்தான் கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளை:

மேல்மாடி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் வேறொரு கட்டடத்தின் நிர்வாக சபையில் இருப்பவன் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இன்று விளம்பரத்தில் இருக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்டுநர் போட்ட முதலாண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி வந்தது. ஒன்ராறியோச் சட்டத்தின்படி அந்த முதலாண்டில் துண்டு விழுந்தால் கட்டுநரே அதை ஈடுசெய்ய வேண்டும்; இரண்டாம் ஆண்டிலிருந்து அது குடியிருப்பவர்களின் தலையில் விழுகிறது. கட்டடம் கொண்டோவாகச் சட்டப்படி பதிவான முதல் ஆண்டுக்குள் சேமநிதி ஆய்வு ஒன்றையும் செய்ய வேண்டும். கூரை, லிஃப்ட், குளிரூட்டும் இயந்திரம் ஆகியவற்றைப் பிற்காலத்தில் மாற்றுவதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்லும், அதன் பிறகும் கட்டணம் ஏறும். மாதம் 600 டொலர் என்று இன்று எழுதியிருந்தால், 750 டொலர் ஆனாலும் கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகே வங்கியுடன் பேசுங்கள். முதலாண்டுக் கட்டணத்துக்கு மட்டும் மட்டுமட்டாகப் போதும் வருமானத்தோடு இப்படிப்பட்ட கட்டடத்தில் வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பதிவு முடிந்த கட்டடம் என்றால் நிலைச் சான்றிதழ் கேளுங்கள். கட்டணம் 100 டொலருக்கு மேல் போகாது, பத்து நாட்களுக்குள் தர வேண்டும். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, வழக்கு ஏதும் நடக்கிறதா, குறுகிய கால வாடகைக்கு விதிகள் இடம் தருகின்றனவா என்பதெல்லாம் அதிலும் அதனோடு வரும் ஆவணங்களிலும் இருக்கும். அதைக் கொண்டோ விடயம் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் வரிக்கு வரி வாசிக்க வேண்டும். நகரசபை விதிப்படி ஒருவர் தம் பிரதான வீட்டைத்தான் குறுகிய கால வாடகைக்கு விடலாம் என்றாலும், பொழுதுபோக்கு இடங்களுக்கு அருகில் உள்ள கட்டடங்களில் சனிக்கிழமை காலையில் வரவேற்புக் கூடத்தில் எத்தனை பயணப்பெட்டிகள் உருள்கின்றன என்பதை நேரிலும் பாருங்கள்.

ஒன்ராறியோவில் புதிய வீடுகளுக்கு உள்ள ராரியன் உத்தரவாதம் ஒன்று, இரண்டு, ஏழு ஆண்டுகள் என மூன்று கட்டங்களாக இருக்கிறது. அது வீட்டோடு உங்களிடம் வந்து சேரும், ஆனால் நாள் எண்ணப்படுவது முதல் வாங்கியவர் திறப்பை வாங்கிய நாளிலிருந்து. குடியிருக்காத முதலீட்டாளர்கள் பலர் முதலாண்டுக் குறைகளைப் படிவத்தில் பட்டியலிட்டு அனுப்புவதே இல்லை. கதவு சரியாகப் பொருந்தாதது, தளம் மேடு பள்ளமாக இருப்பது போன்றவற்றுக்கு அந்த ஓர் ஆண்டு போனால் போனதுதான். விற்பவர் அந்தப் படிவத்தை அனுப்பினாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தரிப்பிடத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிய கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தபட்சத் தரிப்பிடம் கட்டாயம் என்ற விதியை நகரசபை 2021 இறுதியில் நீக்கிவிட்டது. அதனால் தரிப்பிடம் வீட்டோடு வருகிறதா, தனியே வாங்க வேண்டுமா, விருந்தினருக்கு எத்தனை இடம் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். கிங் வீதியில் ஸ்ட்ரீட்காருக்கு முன்னுரிமை உண்டு. கார்கள் பெரும்பாலான சந்திகளில் வலப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். ஏஜாக்ஸிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் காரில் வரும் உறவினர்கள் முதல் தடவை கட்டாயம் வழி தடுமாறுவார்கள்.

நிலாவின் அம்மா:

எங்கள் மகள் நகரமையத்திலேயே பிறந்து வளர்கிறாள் என்பதால் பிள்ளையின் பக்கத்தைச் சொல்கிறேன். புதிய கட்டடங்களின் வேலித் தட்டியில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையின் அறிவித்தல் பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே குடிவரும் பிள்ளைகளுக்கு அருகில் உள்ள பாடசாலையில் இடம் கிடைக்காமல் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதைச் சும்மா எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முகவரியைச் சொல்லி, எந்தப் பாடசாலை என்று சபையிடமே கேட்டுவிடுங்கள். ரயில் பாதைக்குத் தெற்கே கனூ லாண்டிங் பூங்காவோடு சேர்ந்து இரண்டு ஆரம்பப் பாடசாலைகளும், குழந்தைகள் பராமரிப்பு நிலையமும், சமூக மண்டபமும் இருக்கின்றன. மாலையில் அந்தப் பூங்காவில் நின்றால், நகரமையத்தில் பிள்ளைகளே இல்லை என்ற பேச்சு எவ்வளவு பிழையானது என்று தெரியும்.

அம்மாவைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். மரக்கறிக்குக் குறையில்லை. 510 ஸ்ட்ரீட்காரில் ஏறினால் சைனாரவுனில் பாகற்காயும் வெண்டிக்காயும் வாங்கலாம். ஆனால் ஸ்காபரோவில் அவர் தமிழிலேயே பேசி முடிக்கும் கடையும், மருந்தகமும், கோயிலுக்குக் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டு அக்காவும் இங்கே இல்லை. என் மாமியார் எங்களோடு இருந்த குளிர்காலத்தில் பகலெல்லாம் யன்னலோரம் அமர்ந்து வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் ஸ்காபரோவுக்குப் போய்வர ஒரு ஒழுங்கு செய்த பிறகுதான் முகம் தெளிந்தது. யூனியனிலிருந்து ஸ்டூவில் வழித்தட கோ புறநகர் ரயிலில் ஏறினால் ஸ்காபரோவின் எஜின்கோர்ட்டில் இறங்கலாம். 2024 பெப்ரவரியில் ஒரே கட்டணத் திட்டம் வந்த பிறகு நகரப் போக்குவரத்தான ரி.ரி.சி.க்கும் கோ ரயிலுக்கும் இரட்டிப்பாகச் செலவழிக்க வேண்டியதில்லை. அவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம், தம்பி.

எல்ஸ்மியர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் நேற்றுப் பேசினோம். உயரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "தாளிச்சால் பக்கத்து வீட்டுக்காரர் ஏதும் சொல்லுவினமோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதோடு, வாங்குவதற்கு முன் அதே கட்டடத்தில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது புத்தியா என்றும் யோசிக்கிறோம்.

மேல்மாடி:

அம்மா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி மறுபடி குசினிக்குள்ளேயே விடுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் மிளகாய் வறுப்பதை மறந்துவிட வேண்டியதுதான். அடுத்ததாக, உங்கள் வீட்டு வாசற்கதவின் கீழ் இடுக்கில் ஒரு மெல்லிய கடதாசியைப் பிடியுங்கள். அது வீட்டுக்குள் நோக்கிப் பறந்தால் நடைபாதையில் காற்றழுத்தம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள், உங்கள் தாளிப்பு வாசனை வெளியே போகாது. பலத்த காற்று வீசும் நாளில் காற்றடிக்கும் பக்கத்து யன்னலைத் திறந்தால் இது தலைகீழாகிவிடும், எனவே சமைக்கும்போது விசிறியைப் போட்டு யன்னலை மூடி வையுங்கள். அந்த இடுக்கை ரப்பர் பட்டி வைத்து அடைக்கவும் வேண்டாம். பல கட்டடங்களில் வீட்டுக்குள் புதிய காற்று வருவதே அதன் வழியாகத்தான்.

கணக்குப்பிள்ளை:

வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்ல யோசனை. உங்களைப் போல முதியவரும் பிள்ளையும் இருக்கும் குடும்பத்துக்கு நான் அதையே சொல்வேன். இரண்டு விடயங்களை மட்டும் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு ஒன்ராறியோவின் ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. வரம்புக்குட்பட்ட வீடுகளில் 2025-க்கு 2.5 வீதம் என்று இருந்தபோதும், உங்கள் வீட்டுக்காரர் விரும்பிய அளவு கூட்டியிருக்கலாம்; பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே, 90 நாள் எழுத்து அறிவித்தலோடு கூட்ட வேண்டும் என்பதே உங்களுக்குள்ள பாதுகாப்பு. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும், தாமே குடிவரப் போவதாக 60 நாள் அறிவித்தல் தந்து உங்களை எழுப்பவும் அவருக்கு வழியிருக்கிறது. எனவே மகளைப் பாடசாலையில் சேர்ப்பதற்கு முன், இரண்டாம் ஆண்டுக்கான வாடகையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர உடன்படும் உரிமையாளர் ஒருவரைத் தேடுங்கள். அந்தப் பகுதியில் இப்போது வாடகைக்கு நிறைய வீடுகள் இருப்பதால், கேட்டுப் பார்ப்பதற்குத் தயங்க வேண்டாம்.