புதுப்பிப்பு: கட்டளை வரியிலிருந்து விசைப்பலகை விளக்கு – தீர்வு கிடைத்தது

லினக்ஸில் என் மெக்கானிக்கல் விசைப்பலகையின் விளக்கு நிறத்தைக் கட்டளை வரியிலிருந்து மாற்ற முயன்றபோது, ஓபன்ஆர்ஜிபி (சாதனங்களின் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) அந்தச் சாதனத்தையே பட்டியலிடவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. யூஎஸ்பி போர்ட்டை மாற்றிப் பார்த்ததில் பயனில்லை. யூடெவ் விதிக்கோப்பை (சாதனங்களை யார் அணுகலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) நிறுவச் சொன்ன யோசனையே பலித்தது: சாதாரணப் பயனருக்குச் சாதனத்தை அணுகும் அனுமதி இல்லாததால்தான், சூடோவுடன் (அதாவது நிர்வாகி அனுமதியுடன்) இயக்கியபோது மட்டும் விசைப்பலகை தென்பட்டிருக்கிறது. விதிகளை மீண்டும் ஏற்றி, கேபிளைக் கழற்றிச் செருகியதும் அது பட்டியலில் வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. விளக்குள்ள மவுஸ் ஒன்றை இணைத்தபோது ஓபன்ஆர்ஜிபி பட்டியலில் விசைப்பலகைக்கு இருந்த சாதன எண் 0 அதற்குப் போய்விட, அந்த எண்ணை வைத்து விசைப்பலகைக்கென்று எழுதிய ஸ்கிரிப்ட் மவுஸைச் சிவப்பாக்கியது (சற்று நேரம் குழம்பித்தான் போனேன்). ஆகவே இப்போது எண்ணுக்குப் பதிலாகச் சாதனத்தின் பெயரையே கட்டளையில் தருகிறேன்.